போஜன ஹாலில் தெர்மோஸ்டாட் மாற்றம்: காரைக்குடிப் பக்கத்து வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியை ஒட்டிய ஊரில் ஒரு பழைய நகரத்தார் வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. குடும்பத்தார் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டில் ஆச்சி ஒருவரும் உதவிக்கு ஓர் ஆளும் மட்டும். கல்யாணம், சாந்தி என்று ஏதாவது வந்தால் வீடு நிறையும். அந்த நாட்களுக்காகப் போஜன ஹாலுக்கு மட்டும் 5.5 டன் டக்டபிள் ஏசி (டக்ட் என்னும் காற்றுக்குழாய் வழியாகக் குளிர்காற்று அனுப்பும் வகை) ஒன்று பல ஆண்டுகளுக்கு முன் போடப்பட்டது. ப்ளோயர் உள்ள உள் யூனிட், ஹாலை அடுத்த அறையின் பரணில் இருக்கிறது. கம்ப்ரசர் உள்ள வெளி யூனிட் பின்கட்டு முற்றத்தில். ஹால் சுவரில், டயலைத் திருகி வெப்பநிலை வைக்கும் பழைய தெர்மோஸ்டாட். அதிலேயே ஹை, மீடியம், லோ என்று ப்ளோயர் வேகத்துக்கு ஒரு சுவிட்ச்.

அந்தத் தெர்மோஸ்டாட்டின் உள்தொடுப்பு தேய்ந்துபோய், டயலை எங்கே வைத்தாலும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடத் தொடங்கியது. மாற்ற வேண்டியது உள்ளங்கை அளவுள்ள ஒரே ஒரு பெட்டி. அதை மாற்றப்போய் ஒரு புது தெர்மோஸ்டாட் கருகியது, இரண்டாவதன் உள்ளிருக்கும் ரிலே என்ற சிறு மின்காந்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டது, ப்ளோயர் மோட்டார் எரியும் நிலைக்குப் போய் மீண்டது. யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. ஆனால் அடிப்பதற்கான வழிகள் அந்தச் சுவருக்குள் இரண்டு மூன்று இருந்தன.

முதல் முயற்சி: சிவப்புக் கம்பி

அமெரிக்காவிலிருந்து வந்த மகன் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கி வந்திருந்தார். விசேஷத்துக்கு முதல் நாள் இரவே போன் வழியாக ஹாலைக் குளிர வைத்துவிடலாம் என்பது எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் அந்நாட்டு வீடுகளில் பெரும்பாலான தெர்மோஸ்டாட்களுக்கு வருவது வீட்டு மின்சாரம் அல்ல. ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் அதை 24 வோல்ட் மாறுமின்னாக இறக்கித் தருகிறது. ஆர் என்ற முனை அந்த 24 வோல்ட் வரும் வழி. சி என்பது அதே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும் வழி. ஒய் கம்ப்ரசருக்கு, ஜி ப்ளோயருக்கு, டபிள்யூ குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவிக்கு. ஜி முனை ப்ளோயரை ஓட்டுவதோடு சரி, மூன்று வேகம் பிரிப்பதில்லை.

இந்த வீட்டு ஏசியில் அப்படி ஒரு டிரான்ஸ்பார்மரே கிடையாது. பழைய தெர்மோஸ்டாட் நேரடியாக 230 வோல்ட்டை உள்வாங்கி, 230 வோல்ட்டையே ப்ளோயருக்கும், கம்ப்ரசரைப் போட்டு அணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய மின்காந்த சுவிட்சின் சுருளுக்கும் அனுப்பும் வகை. நம் ஊரில் பல ஆண்டுகள் ஓடிய டக்டபிள் ஏசிகளில் இதைப் பரவலாகப் பார்க்கலாம்.

பழைய பெட்டிக்குள் சிவப்புக் கம்பி இருந்தது. புதிய பெட்டியின் கையேட்டில் ஆர் முனைக்குச் சிவப்பு என்று படம் போட்டிருந்தது. இரண்டு நாட்டுப் பழக்கமும் அந்த ஒரு நிறத்தில் வந்து மோதின: அங்கே சிவப்பு 24 வோல்ட், இங்கே சிவப்பு பேஸ். சி முனைக்கு ஒரு கம்பி தேவைப்பட, பக்கத்து லைட் சுவிட்ச் போர்டிலிருந்து நியூட்ரல் இழுக்கப்பட்டது. மெயினைப் போட்டதும் ஒரு வெடிச்சத்தம், கருகிய வாடை.

ஏன் கருகியது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 24 வோல்ட் மாறுமின்னின் உச்சம் ஏறத்தாழ 34 வோல்ட். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் அதற்குச் சற்று மேலான அளவுக்குத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். 230 வோல்ட்டின் உச்சம் 325. ஒரு நொடிகூடத் தாங்காது. இதில் பழுது பார்க்க எதுவும் மிஞ்சாது. பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இரண்டாம் முயற்சி: வேலை செய்தது போலத் தோன்றியது

அடுத்து, கடையில் கேட்டு 230 வோல்ட் டிஜிட்டல் தெர்மோஸ்டாட் வாங்கப்பட்டது. பேன் காயில் யூனிட்டுக்காக (விசிறியும் குளிர்ச்சுருளும் உள்ள உள் யூனிட்) செய்யப்படும் வகை: எல், என், ஹை, மீடியம், லோ, கூல் என்று ஆறு முனைகள். இது சரியான வகைதான். மாட்டியதும் திரை எரிந்தது, காற்று வந்தது, ஹால் குளிர்ந்தது. வேலை முடிந்ததாக எல்லாரும் நினைத்தார்கள்.

சில வாரங்களில் மூன்று குறைகள் எழுந்தன. ஈரமான நாட்களில் ஏசிக்கான ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் தானாக அணையும் சுவிட்ச்) காரணம் தெரியாமல் விழுந்தது. மீடியத்திலிருந்து ஹைக்கு மாற்றினால் ப்ளோயர் உறுமியது, பரணிலிருந்து வார்னிஷ் சூடேறும் வாடை வந்தது. மூன்றாவது, எதற்காகத் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்களோ அந்தக் குறையே திரும்பி வந்தது: பிற்பகலில் கம்ப்ரசர் நிற்பதே இல்லை. பந்தியில் இருப்பவர்கள் குளிரில் நடுங்க, திரை 29 என்று காட்டியது.

மூன்றும் வெவ்வேறு பிழைகள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று போகாது. இரண்டு முறையும் யாரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: இந்தக் கம்பி மறுமுனையில் எங்கே போய்ச் சேர்கிறது?

தொடுவதற்கு முன் அணைத்தது

இந்த வீட்டில் அணைப்பதே ஒரு வேலை. உள் யூனிட்டுக்கு ஒற்றை பேஸ், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்). வெளி யூனிட்டுக்கு மூன்று பேஸ், தனி ஐசொலேட்டர் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்). கான்டாக்டர் இருப்பது வெளி யூனிட்டுக்குள். அதன் சுருளுக்கு மின்சாரம் வருவதோ உள் யூனிட்டிலிருந்து, தெர்மோஸ்டாட் வழியாக. ஆகவே வெளி ஐசொலேட்டரை மட்டும் அணைத்துவிட்டு மூடியைத் திறப்பவர், உயிரோடிருக்கும் 230 வோல்ட் சுருள் முனையைத் தொட முடியும். இது போதாதென்று, லைட் சுற்று வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிறது. மெயினை அணைத்தாலும் லைட் போர்டில் மின்சாரம் இருக்கும், அங்கிருந்து இழுத்த நியூட்ரல் தெர்மோஸ்டாட் பெட்டிக்குள் வந்து நிற்கிறது.

எனவே உள் யூனிட் எம்சிபி, வெளி ஐசொலேட்டர், இன்வெர்ட்டர் வெளியீடு ஆகிய மூன்றும் அணைக்கப்பட்டன. எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸ் பூட்டப்பட்டு, சாவி வேலை செய்பவரின் சட்டைப்பைக்குப் போனது. விசேஷத்துக்கு வாடகை ஜெனரேட்டர் பிடிக்கும் வீடுகளில் அதன் சேஞ்ச்ஓவரையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு பிளக்கில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது, பிறகு வேலை செய்யப்போகும் கம்பிகளில் ஒன்றுக்கொன்றும் எர்த்துக்கும் பார்ப்பது, மறுபடி அதே பிளக்கில் பார்ப்பது. நடுவில் மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால் அது எல்லா இடத்திலும் சுழியம் காட்டும். அந்தச் சுழியத்தை நம்பிக் கைவைக்கக் கூடாது. நியான் டெஸ்டரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. மற்றொரு பக்கம், நீளமாகச் சேர்ந்து ஓடும் கம்பிகளில் எதிலும் சேராத ஒரு கம்பி டிஜிட்டல் மீட்டரில் 50, 80 வோல்ட் என்று காட்டலாம். அது பக்கத்துக் கம்பியிலிருந்து கசியும் பொய் மின்னழுத்தம். ஒரு சாதாரண பல்பை வைத்துப் பார்த்தால் மறைந்துவிடும்.

கம்பிகளின் அடையாளம்

சுவர்ப் பெட்டியில் ஐந்து பழைய கம்பிகள்: சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, இன்னொரு சிவப்பு. டயல் தெர்மோஸ்டாட்டுக்கு நியூட்ரல் தேவையில்லை. அது வெறும் சுவிட்ச், தனக்கென்று மின்சாரம் குடிப்பதில்லை. அதனால்தான் ஐந்தோடு நின்றிருக்கிறது. இங்கே கறுப்பு நியூட்ரலும் இல்லை. அது கம்ப்ரசருக்கு உத்தரவு கொண்டுபோகும் கம்பி. பழக்கத்தில் கறுப்பை நியூட்ரல் என்று எடுத்து எதனோடாவது சேர்த்திருந்தால் ஷார்ட் ஆகக்கூடும்.

கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் எண் ஒட்டி, பரணில் உள் யூனிட்டின் டெர்மினல் ஸ்டிரிப்பும் (கம்பிகள் வந்து சேரும் முனைப்பட்டை) திறக்கப்பட்டது. அங்கே எல்லாக் கம்பிகளையும் விடுவித்து, கன்டினியூட்டி (கம்பி இரு முனைக்கும் தொடர்கிறதா என்பது) பார்த்து இரண்டு முனையும் பொருத்தப்பட்டன. ப்ளோயர் வேகக் கம்பிகளுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. மோட்டாரின் நியூட்ரலுக்கும் ஒவ்வொரு வேகக் கம்பிக்கும் இடையே ஓம் அளந்தால், குறைந்த அளவு காட்டுவது ஹை, அதிகம் காட்டுவது லோ, இடையில் மீடியம். வேகம் குறையக் குறைய அதிகச் சுருள் வரிசையில் சேர்வதால் இப்படி. இந்த மோட்டாரில் 14, 19, 25 ஓம் வந்தது.

கான்டாக்டர் சுருளையும் அளக்க வேண்டும். சுருளின் மேலேயே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. மீட்டரும் சில நூறு ஓம் காட்டி அதை ஒத்துக்கொண்டது. 24 வோல்ட் சுருளாக இருந்தால் பத்து இருபது ஓமுக்குள்தான் காட்டும். முதல் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே இந்த ஒரு எழுத்தை யாராவது படித்திருந்தால் அது கருகியிருக்காது.

தெர்மோஸ்டாட்டின் முனைப் பெயர்களிலும் ஒரு பொறி இருக்கிறது. சில தயாரிப்புகளில் பேஸ் வரும் முனைக்கும் எல், லோ வேகத்துக்கும் எல் என்றே போட்டிருப்பார்கள். பெட்டியின் முதுகில் உள்ள படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்து மாட்டக் கூடாது.

கடன் வாங்கிய நியூட்ரல்

ஆர்சிசிபி விழுந்ததற்குக் காரணம் இதுதான். ஆர்சிசிபி செய்யும் வேலை எளிது: பேஸில் போனது முழுவதும் நியூட்ரலில் திரும்பியதா என்று பார்க்கும். இந்த வீட்டில் ஏசிக்கு ஒன்று, லைட்டுகளுக்கு ஒன்று என இரண்டு. தெர்மோஸ்டாட் குடிக்கும் மின்சாரம் ஏசியின் பேஸில் போய், லைட்டின் நியூட்ரலில் திரும்பியது. ஏசியின் ஆர்சிசிபி கண்ணுக்கு அது கசிவு. கசிவளக்கும் கிளாம்ப் மீட்டரில் 14 மில்லி ஆம்பியர் காட்டியது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15 வரை விழாமலும் 30க்குள் கட்டாயம் விழுந்தும் ஆக வேண்டும். உலர்ந்த நாளில் 14ஐத் தாங்கி நின்றது. ஈர நாளில் ப்ளோயர் மோட்டாரின் சொந்தக் கசிவும் சேர்ந்துகொள்ள, விழுந்தது. அது பழுதில்லை, சரியாகவே வேலை செய்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஆர்சிசிபியைக் கழற்றி எறிவதோ 100 மில்லி ஆம்பியருக்கு மாற்றுவதோ, வீட்டிலுள்ளவர்களின் உயிர்க்காப்பைக் கழற்றி எறிவது.

விழுவதைவிடப் பெரிய ஆபத்து வேறு. நாளை யாராவது லைட் சுற்றின் நியூட்ரலை எங்கேயாவது பிரித்தால், அல்லது இரட்டை முனை எம்சிபியால் அந்தச் சுற்றை அணைத்தால், அந்த நியூட்ரல் கம்பி தெர்மோஸ்டாட் வழியாக ஏசியின் பேஸோடு தொங்கிக்கொண்டிருக்கும். லைட்டை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை வைப்பவர் கறுப்புக் கம்பியில் ஷாக் வாங்குவார்.

நியூட்ரல் இல்லாத பெட்டியில் எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தும் வழக்கமும் இருக்கிறது. அது இதைவிடக் கொடியது. எர்த் எங்கேயாவது அறுந்தால், அந்த எர்த்தில் சேர்ந்த இரும்புப் பெட்டி, ப்ளோயர் உடல், டக்ட் எல்லாம் தெர்மோஸ்டாட் வழியாகப் பேஸைத் தொட்டு நிற்கும்.

சரியான வழி ஒன்றுதான்: பேஸ் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே நியூட்ரல். உள் யூனிட்டின் டெர்மினல் ஸ்டிரிப்பிலிருந்து ஏழு கோர், 1 சதுர மி.மீ. செம்பு கேபிள் 12 மீட்டர் புதிதாக இழுக்கப்பட்டது. பேஸ், நியூட்ரல், ஹை, மீடியம், லோ, கூல், சுவரிலிருக்கும் இரும்புப் பெட்டிக்கு எர்த் என்று ஏழும் நிறைந்தன. லைட் போர்டிலிருந்து வந்த கம்பி இரண்டு முனையிலும் அகற்றப்பட்டது. ஒரு முனையை மட்டும் டேப் சுற்றி விடுவது அகற்றியதாகாது. பல இழைக் கம்பி என்பதால் ஒவ்வொரு முனைக்கும் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பின் லக் அழுத்தி மாட்டப்பட்டது. ஒரு மெல்லிய இழை வெளியே நீண்டு பக்கத்து முனையைத் தொட்டாலே இரண்டு வேகம் ஒன்றாகிவிடும். திருகை இறுக்கியபின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஒட்டிய ரிலே

ப்ளோயர் மோட்டாரின் பெயர்ப்பலகையில் 3.8 ஆம்பியர். தெர்மோஸ்டாட்டின் கையேட்டில் ரிலே அளவு 3 ஆம்பியர், அடுத்த வரியில் சிறிய எழுத்தில் மோட்டார் போன்ற சுமைக்கு 1 ஆம்பியர். வாங்கும்போது முதல் வரிகூடப் பார்க்கப்படவில்லை. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் அளவைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அணையும்போது தொடுப்பில் பொறி பறக்கும். ஒவ்வொரு முறையும் தொடுப்பு சிறிது உருகி, ஒருநாள் மீடியம் ரிலே ஒட்டிக்கொண்டது. அதன்பின் ஹை என்று அழுத்தினால் ஹையும் மீடியமும் ஒரே நேரத்தில் மின்சாரம் பெற்றன. மூன்று வேக மோட்டாரில் ஒரு நேரத்தில் ஒரு முனைக்குத்தான் மின்சாரம் போக வேண்டும். இரண்டுக்கும் போனால் நடுவிலுள்ள சுருள் துண்டு ஷார்ட் ஆனதற்குச் சமம். உறுமலும் வார்னிஷ் வாடையும் அதன் விளைவு. இன்னும் ஒரு பந்தி நேரம் ஓடியிருந்தால் மோட்டார் போயிருக்கும்.

பெரிய ரிலே உள்ள தெர்மோஸ்டாட்டைத் தேடுவதைவிட, அதே வகையில் மூன்றாவதாக ஒன்றை வைத்து, அதை உத்தரவு கொடுப்பதோடு நிறுத்தி, சுமையை வேறு ரிலேக்களிடம் கொடுப்பது நல்லது. பரணில் உள் யூனிட்டுக்குப் பக்கத்தில் மூடியுள்ள சிறு பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. அதற்குள் 230 வோல்ட் சுருள், 10 ஆம்பியர் தொடுப்பு கொண்ட மூன்று ரிலேக்கள் சாக்கெட்டோடு, 3 நிமிடத் தாமத டைமர் ஒன்று, கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் 2 ஆம்பியர் எம்சிபி ஒன்று, டெர்மினல்கள். ரிலேயின் 10 ஆம்பியரும் சாதாரணச் சுமைக்கானதுதான், 3.8 ஆம்பியர் மோட்டாருக்கு இடம் இருக்கிறதா என்று அதன் மோட்டார் அளவையும் பார்த்தே வாங்கப்பட்டது.

ரிலேக்களை இணைத்த விதத்தில்தான் பாதுகாப்பு இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனியாகப் பேஸ் கொடுத்தால் பழைய ஆபத்து அப்படியே நீடிக்கும். அதற்குப் பதில், பேஸ் ஹை ரிலேயின் பொது முனைக்கு மட்டும் வருகிறது. ஹை ரிலே இழுத்தால் ஹை கம்பிக்குப் போகிறது. இழுக்காவிட்டால் அதன் மூடிய தொடுப்பு வழியாக மீடியம் ரிலேயின் பொது முனைக்கு. மீடியம் இழுத்தால் மீடியம் கம்பிக்கு, இல்லாவிட்டால் லோ ரிலேயின் பொது முனைக்கு. இப்போது தெர்மோஸ்டாட்டுக்குள் எந்த ரிலே ஒட்டிக்கொண்டாலும், மூன்றுக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு வந்தாலும், மோட்டாரின் ஒரே ஒரு முனைக்குத்தான் மின்சாரம் போகும். ஓடாத வேகக் கம்பிகளிலும் மோட்டார் சுருள் வழியாக மின்னழுத்தம் திரும்பி வரும் என்பதால், பயன்படாத கம்பி எதுவும் வெறுமையாக விடப்படவில்லை.

கூல் முனை டைமருக்கு. டைமரின் தொடுப்பிலிருந்து உயர் அழுத்த சுவிட்ச், தாழ் அழுத்த சுவிட்ச், பேஸ் காவல் ரிலே, கடைசியாகக் கான்டாக்டர் சுருள், அங்கிருந்து உள் யூனிட்டின் நியூட்ரலுக்கே திரும்புதல். பழைய ஆட்கள் அமைத்த இந்த வரிசை சரியாக இருந்தது, அதைத் தொடவில்லை. 3 நிமிடம் ஏன்? நின்ற கம்ப்ரசரில் வாயுவின் அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாவதற்கு நேரம் வேண்டும். அதற்குள் கிளப்பினால் திணறி, அதிக மின்சாரம் இழுத்து, சுருள் சூடாகும். நொடி நேர மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இந்தத் தாமதம் கட்டாயம் வேண்டும். பல டிஜிட்டல் தெர்மோஸ்டாட்களுக்குள்ளேயே தாமதம் இருக்கிறது; ஆனால் மின்சாரம் போய் வந்தபின்னும் அது காத்திருக்கிறதா என்று சோதித்த பிறகே நம்பலாம்.

போன் வழியாக இயக்கும் ஆசைக்கும் வழி உண்டு. 230 வோல்ட்டுக்கே செய்த வைஃபை தெர்மோஸ்டாட்கள் கிடைக்கின்றன. வெளிநாட்டு 24 வோல்ட் பெட்டியையே வைக்க வேண்டுமென்றால், 230க்கு 24 வோல்ட், 40 விஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றும், அதன் வெளியீட்டில் 2 ஆம்பியர் ப்யூஸும், 24 வோல்ட் சுருளுள்ள ரிலேக்களும் பரண் பெட்டிக்குள் வைத்து, சுவருக்கு 24 வோல்ட்டை மட்டும் அனுப்பலாம். அங்கிருந்தே டிரான்ஸ்பார்மரும் வாங்கி வரக் கூடாது. அது 120 வோல்ட்டுக்கானது.

சுவர் சொன்ன பொய்

வயரிங் முழுவதும் சரியானபின்னும் பிற்பகலில் திரை 29 காட்டியது. ஹாலின் நடுவில் தொங்கவிட்ட வெப்பமானி 23. இங்கே குறை மின்சாரத்தில் இல்லை, வீட்டில்.

தெர்மோஸ்டாட் இருந்த சுவர் வளவை ஒட்டியது. திறந்த முற்றத்தில் விழும் மேற்கு வெயில் அந்தச் சுவரில் படுகிறது. ஒன்றரை அடிக்கு மேல் கனமுள்ள செங்கல் சுண்ணாம்புச் சுவர். பகலெல்லாம் வெயிலை விழுங்கி, பல மணி நேரம் கழித்து உள்பக்கம் மெல்ல விடும். இந்தக் குணத்தால்தான் இந்த வீடுகள் காலையில் குளிர்ச்சியாக இருக்கின்றன. அதே குணம் சுவரோடு ஒட்டி உட்காரும் சென்சாருக்குப் பகை. சென்சார் ஹாலின் காற்றை அளப்பதாக நினைத்து, சுவரின் சூட்டை அளக்கிறது. கூடவே பரணிலிருந்து கம்பிகள் வரும் பைப் வழியாக இறங்கும் வெந்த காற்று நேராகப் பெட்டியின் முதுகில் வந்து வீசியது. பெட்டியைக் கழற்றி, பைப் வாயில் ஒரு நூலிழையைப் பிடித்தபோது அது ஆடியது.

பைப்பின் இரண்டு வாயும் சிலிகான் வைத்து அடைக்கப்பட்டன. எந்த வீட்டிலும் இதை முதலில் செய்து பார்க்கலாம். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. இங்கே அதனாலேயே திரை 29லிருந்து 26க்கு இறங்கியது. மீதமிருந்தது சுவரின் சூடு. அதற்கு இரண்டு வழிகள் யோசிக்கப்பட்டன. ஒன்று, தெர்மோஸ்டாட்டை உள்சுவருக்கு மாற்றுவது: தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம், குளிர்காற்று வரும் கிரில்லுக்கு எதிரே வராமல், நிலைவாசலுக்குப் பக்கத்தில் இல்லாமல். புது வீட்டில் இதுவே சிறந்தது. ஆனால் இந்த ஹாலின் உள்சுவர்கள் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சு, இன்றும் கண்ணாடிபோல் மின்னுகிறது. அதில் உளி வைத்து வெட்டினால் அந்த மெருகு திரும்ப வராது. வெட்டிய இடத்தைச் சிமெண்டால் அடைத்தால், சுண்ணாம்புச் சுவரின் ஈரம் மூச்சுவிட முடியாமல் ஓரங்களில் உப்புப் பூத்து உதிரும். ஒரு சுவிட்ச் பெட்டிக்காக இந்தச் சுவரைக் காயப்படுத்துவது நியாயமில்லை.

ஆகவே இரண்டாவது வழி: பெட்டி பழைய இடத்திலேயே, சென்சார் வேறு இடத்தில். தெர்மோஸ்டாட்டில் வெளிச் சென்சார் முனை இருந்தது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் என்டிசி சென்சார் ஒன்று, ஹாலிலிருந்து காற்று திரும்பும் கிரில்லுக்குச் சற்றுப் பின்னால் பொருத்தப்பட்டது. மாட்டுமுன் மீட்டரில் பார்க்க வேண்டும்: சூடேறினால் ஓம் குறையும், குளிர்ந்தால் ஏறும். கையேட்டில் சொன்ன அதே வகைச் சென்சார் வேண்டும். 25இல் 10 கிலோ ஓம் என்று ஒத்துப்போனாலும் வெப்பநிலைக்கேற்ப ஓம் மாறும் வளைவு வேறாக இருந்தால் மற்ற வெப்பநிலைகளில் தவறாகக் காட்டும். சென்சார் கம்பி 230 வோல்ட் கேபிளோடு ஒரே பைப்பில் ஓடவில்லை. தேக்கு நிலையின் மேல்விளிம்பை ஒட்டித் தனி கேசிங்கில், உலோகத் திரையிட்ட இரட்டைக் கம்பியாகப் போனது. இது சென்சார் அளவு தடுமாறாமல் இருக்க மட்டுமல்ல; 230 வோல்ட் கம்பி உரசிச் சென்சார் வழியாக வராமல் இருக்கவும்தான். ஒன்று மறக்கக் கூடாது: சென்சார் கிரில்லுக்குள் இருந்தால் ப்ளோயர் எப்போதும் ஓட வேண்டும். ப்ளோயரும் சேர்ந்து நின்றால் சென்சார் பரண் காற்றையே அளக்கும். அதனால் அமைப்பில் பேன் தொடர்ச்சி என்று வைக்கப்பட்டது.

சுவரில் பெட்டியை மறுபடி இறுக்கும்போதும் சுண்ணாம்புக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டியிருந்தது. டிரில்லின் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்தி, வெறும் சுழற்சியில் மட்டும் துளை. பிளாஸ்டிக் கட்டைக்குப் பதில் செங்கல் இடுக்கில் தேக்குக் கட்டை அடித்து அதில் திருகு. பெட்டிக்குப் பின்னால் 12 மி.மீ. தேக்குப் பலகை. இது சுவரின் சூட்டையும் சற்றுத் தடுக்கும், பழைய பெட்டி விட்ட கறையையும் மறைக்கும்.

மின்சாரம் கொடுத்த வரிசை

முதலில் எர்த். இந்த வீட்டின் பழைய லைட் வயரிங் தேக்கு கேசிங்கில் எர்த் இல்லாத இரட்டைக் கம்பி. ஏசிக்கு மட்டும் பிற்காலத்தில் எர்த் குழி போட்டிருந்தார்கள். ப்ளோயர் உடல், ரிலே பெட்டி, சுவர்ப் பெட்டி ஆகியவற்றிலிருந்து எர்த் பார் வரை 1 ஓமுக்குக் குறைவு. அடுத்து 500 வோல்ட் மெக்கர் (கம்பிகளின் காப்புறை தாங்குகிறதா என்று அளக்கும் கருவி). இதற்கு முன் தெர்மோஸ்டாட்டும் டைமரும் கழற்றப்பட்டன. மாட்டியபடியே மெக்கர் சுற்றினால் மூன்றாவது தெர்மோஸ்டாட்டும் போயிருக்கும். கம்பிகள் ஒன்றுக்கொன்றும் எர்த்துக்கும் 1 மெகா ஓமுக்குக் கீழே எங்கும் இறங்கவில்லை.

பிறகு வெளி ஐசொலேட்டரை அணைத்தபடியே, உள் யூனிட்டுக்கு மட்டும் மின்சாரம். திரை எரிந்தது. லோ, மீடியம், ஹை மூன்றும் தனித்தனியாக. ஒவ்வொன்றிலும் மோட்டார் மின்சாரம் கிளாம்பில் பார்த்துப் பெயர்ப்பலகைக்குள் இருப்பது உறுதிசெய்யப்பட்டது. வெப்பநிலையை ஏற்றி இறக்கி, கூல் முனையில் கேட்கும்போது 230, கேட்காதபோது 0 என்று அளந்தது. டைமரின் 3 நிமிடம் கடிகாரம் பிடித்து. எம்சிபியை அணைத்துப் போட்டு அதே 3 நிமிடம் மறுபடி. ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தான். கசிவு இப்போது 2 மில்லி ஆம்பியர்.

கடைசியில்தான் வெளி யூனிட். கம்ப்ரசர் கிளம்பி இருபது நிமிடம் ஓடியபின், கிரில்லுக்குள் போகும் காற்று 27, டக்ட்டிலிருந்து வரும் காற்று 16. பதினொரு டிகிரி வித்தியாசம்; இத்தகைய ஏசிக்கு 8 முதல் 12 வரை இயல்பு. திரையில் 25 வைத்ததும் ஒரு மணி நேரத்துக்குள் கம்ப்ரசர் தானாக நின்றது. மறுநாள் மாலை நாலரைக்கு, வளவுச் சுவரில் வெயில் முழுதாக விழும் நேரத்தில், மறுபடி பார்த்தபோதும் நின்று நின்றே ஓடியது.

ரிலே பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த எண் கம்பி எங்கே போகிறது என்ற படம், மூன்று வேகத்தின் ஓம் அளவுகள், சென்சாரின் வகை, தேதி. அதன் மேலே சிவப்பில்: ‘கான்டாக்டர் சுருளுக்கு உள் யூனிட்டிலிருந்து 230 வோல்ட் வருகிறது. இரண்டையும் அணைக்கவும்.’ அதே வரி வெளி யூனிட் மூடியிலும், வெயிலில் அழியாத தகட்டில் எழுதித் திருகப்பட்டிருக்கிறது.